நாய், பூனைகளின் படர்தாமரை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

முடி கொட்டி வட்டமாக ஒரு திட்டு தெரிந்ததும், நமக்காக வாங்கி வைத்த களிம்பை எடுத்துத் தடவிவிடுகிறோம். அப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிவப்பும் அரிப்பும் அடங்கும், ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்தே அடங்குவதால் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை தாராளமாகப் பரவும். பூசியதைப் பூனை நக்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை. இயற்கையானதுதானே என்று டீ ட்ரீ எண்ணெய் தடவுவது இதைவிட மோசம். நாய்க்கும் பூனைக்கும் அது நஞ்சு. நடுக்கம், தள்ளாட்டம் எல்லாம் வரும்.

முதலில், அது படர்தாமரைதானா? சொறிப்பூச்சி, பாக்டீரியா தொற்று, ஒவ்வாமை எல்லாமே பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். புற ஊதா விளக்கில் முடி பச்சையாக ஒளிரவில்லை என்பதால் தொற்று இல்லை என்றும் சொல்ல முடியாது. நாய், பூனைக்கு வரும் பூஞ்சைகளில் பொதுவாக மைக்ரோஸ்போரம் கேனிஸ்தான் அப்படி ஒளிரும். முடியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு 2, 3 வாரம்கூட ஆகலாம்.

நாயின் காதில் நாற்றமும் பழுப்பு அழுக்குமாக வருவது பெரும்பாலும் வேறு கதை. மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை தோலில் எப்போதும் இருப்பதுதான். ஒவ்வாமையோ ஈரமோ இடம் கொடுக்கும்போது பெருகிவிடும். காரணத்தைத் தேடாமல் சொட்டு மருந்து மட்டும் விட்டால் திரும்பத் திரும்ப வரும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவது. தோல் ஆறியபின்னும் முடியில் பூஞ்சையின் வித்துகள் உயிரோடு இருக்கும். பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும்வரை மாத்திரையும் மருந்துக் குளியலும் தொடர வேண்டும். அதற்காகப் பழைய சீட்டில் இருந்த மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். கிரைசியோஃபுல்வின் என்ற பூஞ்சை மாத்திரையைச் சினைப் பூனைக்குக் கொடுத்தால் குட்டிகள் ஊனமாகப் பிறக்கலாம்.

அப்புறம் வீடு. உதிர்ந்த முடியில் உள்ள வித்துகள் 18 மாதம்வரைகூடத் தாங்கும். முடியையும் தூசியையும் அகற்றாமல் மேலே கிருமிநாசினி தெளித்துப் பயனில்லை. வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி, சோப்பு நீரால் துடைத்த பிறகுதான் அது வேலை செய்யும். மற்ற பிராணிகளையும் பரிசோதியுங்கள், நீளமுடிப் பூனைகள் அறிகுறியே இல்லாமல் தொற்றைச் சுமக்கும். வீட்டில் யாருக்காவது தோலில் வட்டத் திட்டு வந்தால், பிராணிக்கு இருப்பதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

தொற்றுக்குப் பயந்து பூனைக்குட்டியை வாரக்கணக்கில் கூண்டில் தனியாக அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறந்து 2 முதல் 7 வாரம்வரைதான் அது மனிதரோடு பழகக் கற்கும் காலம். எளிதில் துடைக்கக்கூடிய சின்ன அறை போதும். அங்கே தினமும் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்குங்கள், விளையாடுங்கள். வெளியே வந்ததும் உடையை மாற்றிக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.