‘தௌ’ மரியாதைச் சொல் அல்ல

பழைய ஆங்கில ஜெபங்களில் கடவுளை ‘தௌ’ (thou) என்று அழைத்திருப்பதைப் பார்த்து, அதைத் ‘தேவரீர்’ போன்ற உயர்ந்த சொல்லாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய தவறு. ‘தௌ’ நம்முடைய ‘நீ’. சுந்தரர் சிவனை ‘உனக்கு ஆளாய்’ என்று பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபட வேண்டும்.

மிகப் பழைய ஆங்கிலத்தில் இதில் மரியாதைக் கணக்கே இல்லை. ஒருவர் என்றால் ‘தூ’ (பின்னால் ‘தௌ’ ஆனது), பலர் என்றால் ‘யே’ (பின்னால் ‘யீ’) என்று எண்ணிக்கைதான் கணக்கு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் மேட்டுக்குடியினர் பிரெஞ்சு பேசினார்கள். பெரியவர் ஒருவரைப் பன்மையில் அழைக்கும் பிரெஞ்சு வழக்கம் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்திலும் ஏறியது. நம் ‘நீங்கள்’ வந்த வழியும் இதேதான். அப்புறம் ‘தௌ’ பிள்ளைகள், வேலைக்காரர்கள், மனதுக்கு நெருங்கியவர்கள் என்று ஒதுங்கிவிட்டது.

அந்நியரிடம் சொன்னால் அது அவமதிப்பு. 1603-இல் வால்டர் ராலிமீது நடந்த ராஜதுரோக விசாரணையில், அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் அந்தச் சொல்லையே வினையாக்கி, ‘உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகி’ என்கிற பொருளில் சீறினார். அதனால் அக்கால நாடகங்களில் ஒரு பாத்திரம் மரியாதையான ‘யூ’விலிருந்து ‘தௌ’வுக்குத் தாவினால் அதைச் சும்மா கடந்து போகாதீர்கள். அன்போ கோபமோ அங்கே மாறியிருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கை 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே ஒருமை, பன்மை மட்டும்தான். யோவான் 3:7-இல் இயேசு நிக்கொதேமுவிடம் பேசும்போது ‘தீ’ (thee, ‘உனக்கு’) என்பது அவர் ஒருவரை, ‘யீ’ (ye, ‘நீங்கள்’) என்பது எல்லோரையும் குறிக்கும். ‘நான் உனக்குச் சொன்னேன், நீங்கள் மறுபடியும் பிறக்க வேண்டும்’ என்று தமிழில் தெளிவாக நிற்கும் வேறுபாடு, ‘யூ’ மட்டுமே உள்ள இன்றைய ஆங்கிலத்தில் மறைந்துபோகிறது.

பழைய நடையில் எழுத ஆசைப்படுகிறவர்கள் ‘தௌ கோயெத்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘எத்’ விகுதி அவன், அவள், அது ஆகியவற்றுக்கு உரியது. ‘தௌ’வுக்கு ‘கோயெஸ்ட்’. ‘தௌ’ எழுவாய், ‘தீ’ செயப்படுபொருள். ‘நான் உன்னை’ என்னும் இடத்தில் ‘தௌ’ வராது.

கடைப் பலகைகளில் காணும் ‘யீ ஓல்ட்’ என்பதில் உள்ள ‘யீ’ இந்தக் குடும்பமே இல்லை. அது வெறும் ‘தி’. ‘த’ ஒலிக்கு இருந்த தோர்ன் என்னும் பழைய எழுத்து அச்சுக்கூடங்களில் இல்லாததால், அதைப்போல் தெரிந்த ‘ஒய்’யை வைத்து அச்சடித்தார்கள்.