அலெக்சாந்திரியாவில் கடல் பார்த்த சின்ன ஹோட்டல்: அறை எடுப்பது எப்படி

எகிப்து போகிறவர்கள் பலரும் கெய்ரோ, லக்சர், அஸ்வான் என்று திட்டம் போட்டுவிட்டு, அலெக்சாந்திரியாவைக் காலையில் போய் இரவில் திரும்பும் ஊராக வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள், அதுவும் கார்னிஷ் என்று சொல்லும் கடற்கரைச் சாலையிலேயே தங்குங்கள். பெரிய ஹோட்டலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சின்னப் பங்கு போதும், கடல் முழுக்க உங்கள் பால்கனியில் இருக்கும். நான் இரண்டு முறை தங்கியிருக்கிறேன், ஒரு முறை ஜூலையில், ஒரு முறை டிசம்பரில். இரண்டும் இரண்டு ஊர் மாதிரி இருந்தன, அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் இடம். அலெக்சாந்திரியா கடலோரமாகவே பல மைல் நீளத்துக்கு நீண்டு கிடக்கிற ஊர். கடல் பார்த்த ஹோட்டல் என்று மட்டும் தேடினால் எங்கோ கிழக்குக் கோடியில் போய் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் தேட வேண்டியது கிழக்குத் துறைமுகத்தைச் சுற்றி வளைந்து போகும் பகுதியை, அதிலும் ரம்ல் நிலையம், சாத் ஸக்லூல் சதுக்கம் பக்கத்தை. 1929-இல் கட்டிய சிசில் ஹோட்டல் அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. அது நம் பட்ஜெட்டுக்கு ஆகாது, ஆனால் டாக்சிக்காரரிடம் சொல்ல நல்ல அடையாளம். அதன் அக்கம்பக்கத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த உயரமான பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. மலிவான ஹோட்டல்கள் எல்லாம் இவற்றுக்குள் ஒளிந்திருக்கின்றன.

ஒளிந்திருக்கின்றன என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹோட்டல் என்றால் முழுக் கட்டடமும் ஹோட்டல் என்று நினைக்காதீர்கள். நாலாவது மாடியில் ஒரு ஹோட்டல், ஆறாவது மாடியில் இன்னொன்று, நடுவில் வக்கீல் அலுவலகம், பல் டாக்டர், குடும்பங்கள் என்று கலந்து இருக்கும். கீழே வாசலில் ஒரு சின்னப் பலகை மட்டும் இருக்கும், சில சமயம் அரபியில் மட்டுமே. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் பவாப், அதாவது கட்டடத்தின் காவல்காரர். ஹோட்டல் பெயரைச் சொன்னால் அவரே விரலால் மாடி எண்ணிக்கையைக் காட்டிவிடுவார். அவருக்கு வணக்கம் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், பின்னால் அவர் தேவைப்படுவார்.

அடுத்தது லிஃப்ட். கம்பிக்கூண்டு மாதிரி, உள்ளே மரக்கதவு வைத்த பழைய லிஃப்ட் பல கட்டடங்களில் இன்னும் ஓடுகிறது. ஏறி இறங்கியதும் வெளிக்கதவு, உள்கதவு இரண்டையும் நீங்களே இழுத்துச் சாத்த வேண்டும். சாத்தாமல் போனால் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும், கீழே காய்கறிப் பையோடு நிற்கிற பாட்டி மாடி மாடியாக எட்டிப் பார்த்துக் கத்துவார். முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது. பெட்டியோடு போகிறவர்கள் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாடி ஏறுவது விளையாட்டில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி இடங்களில் ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பதைவிட அறையைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. ஒரே ஹோட்டலில் ஒரு அறை சொர்க்கமாகவும் பக்கத்து அறை ஈரப்பெட்டியாகவும் இருக்கும். இணையத்தில் பதிவு செய்தால் முதல் இரவுக்கு மட்டும் செய்யுங்கள், மிச்சத்தை நேரில் அறையைப் பார்த்துப் பேசுங்கள். “மும்கின் அஷூஃப் இல்-ஓடா?” என்றால் அறையைப் பார்க்கலாமா என்று அர்த்தம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள்.

அங்கே அறைகளைப் பற்றிப் பேசும்போது ‘பஹரி’ என்று ஒரு சொல் காதில் விழும். பஹ்ர் என்றால் கடல். எகிப்துக்குக் கடல் வடக்கில் இருப்பதால் கடல் பக்கம் என்றாலே வடக்குப் பக்கம் என்று ஆகிவிட்டது. தெற்குப் பக்கத்துக்குக் கிப்லி. வெயில் காலத்தில் எல்லோரும் பஹரி அறைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் கடல்காற்று நேராக உள்ளே வரும், ஏசி இல்லாமலே தூங்கிவிடலாம். ஜூலையில் நான் அப்படித்தான் தூங்கினேன். ஆனால் டிசம்பரில் அதே வடக்குப் பார்த்த அறையில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது, சுவர் சில்லென்று இருக்கும், படுக்கை விரிப்பு நமத்துப்போன அப்பளம் மாதிரி இருக்கும். மலிவான ஹோட்டல்களில் அறையைச் சூடாக்க எதுவும் இருக்காது. ஆகவே குளிர்காலத்தில் கூடுதல் கம்பளி கேளுங்கள், ஒன்றல்ல, ஆளுக்கு இரண்டு. உடம்புக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் கிப்லி அறையை எடுத்துக்கொண்டு கடலைக் கீழே போய்ப் பார்ப்பதே நல்லது.

அறைக்குள் போனதும் கடலைப் பார்த்து மயங்காமல் முதலில் ஜன்னல் கதவைப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மரச்சட்டங்கள் சாய்வாக அடித்த இன்னொரு கதவு இருக்கும், ஷீஷ் என்கிறார்கள். உப்புக்காற்றில் அதன் கீல் எல்லாம் துருவேறிப்போயிருக்கும். அதை முழுக்கத் திறந்து, முழுக்க மூடி, கொக்கி மாட்டுகிறதா என்று பாருங்கள். டிசம்பரில் எனக்குக் கொடுத்த அறையில் கொக்கி இருந்தது, அது மாட்ட வேண்டிய வளையம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று எழுந்ததும் கதவு பட்டு பட்டென்று அடிக்க ஆரம்பித்தது. வரவேற்பில் இருந்த பெரியவர் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து நாலாக மடித்து, இரண்டு கதவுக்கும் இடையில் திணித்து, மேலே ஒரு துண்டுக் கயிற்றால் கைப்பிடியையும் கட்டிலின் இரும்புக் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார். காலைவரை அசையவில்லை. அதிலிருந்து பயணப்பையில் இரண்டு முழம் நைலான் கயிறு இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

அந்தக் காற்றுக்கு ஊரில் பெயர் உண்டு. குளிர்காலப் புயல்மழையை நவ்வா என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு நவ்வாவுக்கும் பெயரும் தோராயமான தேதியும் வைத்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் வருவது மக்னஸா, அதாவது துடைப்பம். டிசம்பர் தொடக்கத்தில் வருவது காசிம். மீனவர்கள் அதைப் பார்த்துத்தான் படகு எடுப்பதும் எடுக்காததும். அந்த நாட்களில் அலை கார்னிஷ் சுவரைத் தாண்டிச் சாலையில் கொட்டும், தெருக்களில் தண்ணீர் தேங்கும். பால்கனியிலிருந்து பார்க்க அதைப் போல ஒரு காட்சி கிடையாது, ஆனால் அன்றைக்கு வெளியே சுற்றும் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். எனக்கு எந்த மாதம் பிடிக்கும் என்று கேட்டால் அக்டோபரும் ஏப்ரலும். ஜூலை, ஆகஸ்டில் கெய்ரோவே கிளம்பி இங்கே வந்துவிடும், வாடகையும் ஏறும்.

அப்புறம் சத்தம். இதைச் சொல்லாமல் கடல் பார்த்த அறையைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் பல வரிசை வண்டிகள் ஓடும் சாலை இருக்கிறது. ஹாரன் அங்கே ஒரு பேச்சுமொழி. கோடையில் ராத்திரி இரண்டு மூன்று மணிவரை ஓயாது. வியாழக்கிழமை இரவு இன்னும் மோசம், மறுநாள் வெள்ளி விடுமுறை என்பதால் கல்யாண ஊர்வலக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே கார்னிஷில் போகும். ஆறாவது மாடிக்கு மேலே கேட்டு வாங்குங்கள், காதடைப்பான் கொண்டுபோங்கள். இதற்கு மாறாக வெள்ளிக்கிழமை காலை ஊரே அடங்கிக் கிடக்கும், மதியத் தொழுகைவரை அலைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். முடிந்தால் உங்கள் தங்கலுக்குள் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் நிற்கவும். “ஃபீ மய்யா சுக்னா?” என்று கேட்டால் எல்லா இடத்திலும் உண்டு என்றுதான் சொல்வார்கள், ஆகவே கையை வைத்துப் பார்ப்பதே வழி. பொதுக் குளியலறை உள்ள அறை இன்னும் மலிவு. கழிவறையில் தண்ணீர் இல்லாமல் என்ன செய்வது என்ற கவலை நமக்கு இங்கே வேண்டாம், ஷத்தாஃப் என்ற தண்ணீர்க்குழாய் அநேகமாக எங்கும் இருக்கும். மின்சாரம் 220 வோல்ட், இரண்டு உருண்டை முனை பிளக். நம் ஊர் ஃபோன் சார்ஜர் பெரும்பாலும் பொருந்திவிடும், மூன்று முனை உள்ளது எதுவும் நுழையாது.

வாடகை பேசும்போது பழைய விமரிசனங்களில் இருக்கும் தொகையை நம்பிப் பேசாதீர்கள். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டை மிதக்க விட்டபோது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே முடிவுசெய்யட்டும் என்று விட்டபோது, டாலருக்கு 31 பவுண்டு அளவில் இருந்தது ஒரேயடியாக 50 பக்கம் போய்விட்டது. அதற்கு முந்தைய விலை எதுவும் இப்போது செல்லாது. காலைச் சாப்பாடு சேர்த்தா, வரி சேர்த்தா, வெளிநாட்டவருக்கு இதே வாடகையா என்று மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை எழுதி வாங்காமல் விட்டு, கிளம்பும் காலையில் கணக்கு வேறு மாதிரி வந்தது. ரயிலுக்கு நேரமானதால் கொடுத்துவிட்டு வந்தேன், இன்றைக்கும் அந்த எரிச்சல் இருக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி விவரம் எழுதிக்கொள்வார்கள், அன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள். மிகச் சின்ன விடுதிகள் சிலவற்றில் வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள், கோபப்படாமல் அடுத்த மாடிக்குப் போய்விடுங்கள். சில்லறை நோட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். “மா ஃபீஷ் ஃபக்கா”, சில்லறை இல்லை, என்பதுதான் நீங்கள் தினமும் கேட்கப்போகும் வாக்கியம்.

ஹோட்டலில் காலையில் கொடுப்பது ரொட்டி, ஜாம், முக்கோணச் சீஸ், அவித்த முட்டை, டீ. ஒரு நாள் சாப்பிடலாம். மற்ற நாட்களில் ரம்ல் பக்கத்துச் சந்துகளில் இறங்கி ஃபூல் சாப்பிடுங்கள், பெரிய அவரைக்கொட்டையை இரவெல்லாம் வேகவைத்து மசித்து, எண்ணெயும் எலுமிச்சையும் சீரகமும் விட்டுத் தருவார்கள். கூடவே தாமிய்யா, அதே அவரையை ஊறவைத்து அரைத்துக் கீரையும் மல்லியும் சேர்த்துப் பொரித்தது, பிட்டால் உள்ளே பச்சையாக இருக்கும். சைவக்காரர்கள் இந்த ஊரில் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

மீன் சாப்பிடுகிறவர்கள் துறைமுகத்தின் மேற்கு முனையில் இருக்கும் அன்ஃபூஷிக்குப் போக வேண்டும். ஐஸ் மேல் பரப்பிய மீனில் உங்களுக்கு வேண்டியதை நீங்களே காட்டினால் எடை போட்டு, எப்படிச் சமைக்க என்று கேட்பார்கள். மடவை மீனுக்கு அங்கே பூரி என்று பெயர். அதைக் கோதுமைத் தவிட்டில் புரட்டி, தோல் கறுக்கும்வரை நெருப்பில் சுடச் சொல்லுங்கள். தவிடு கருகி ஓடு மாதிரி ஆகிவிடும், உரித்தால் உள்ளே சதை வெள்ளையாக, சாறு வற்றாமல் இருக்கும். தொட்டுக்கொள்ள எள் விழுதான தஹினா, பக்கத்தில் வெங்காயத்தைக் கறுக வதக்கிச் சமைத்த பழுப்புச் சோறு. எடை போடும்போதே விலை கேளுங்கள், சமையல் கூலி தனியா சேர்த்தா என்றும் கேளுங்கள்.

அன்ஃபூஷியிலிருந்து கைத்பே கோட்டை நடக்கிற தூரம்தான். 1477-இல், பழைய கலங்கரைவிளக்கம் நின்ற இடத்திலேயே எழுப்பியது. உங்கள் பால்கனியிலிருந்து துறைமுகத்தின் எதிர்முனையில் தெரிவதும் அதுதான், சூரியன் அந்தப் பக்கம் இறங்கும்போது கோட்டை கறுப்பாகவும் படகுகள் கறுப்பாகவும் தெரியும். அந்த நேரத்தில் எனக்குச் சேர நாட்டின் பழைய துறைமுகமான முசிறி ஞாபகம் வந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ், அதாவது நாணல் தாளில் எழுதிய ஆவணம், வியன்னாவில் இருக்கிறது. முசிறி வியாபாரத்துக்கு வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம் அது. சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியாவின் கிடங்குக்கு வந்து சேர வேண்டும், அங்கே நாலில் ஒரு பங்கு வரி. மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பல் கொண்டுவந்த யானைத்தந்தத்தின் கணக்கு. இதெல்லாம் ஊரில் இருக்கும்போது வெறும் பாடமாகத்தான் இருந்தது.

கிழக்குத் துறைமுகத்தில் குளிக்க இறங்காதீர்கள், அது படகுகளின் இடம். குளிக்க வேண்டுமென்றால் கிழக்கே மொன்தஸா, மமூரா பக்கம் போங்கள். கார்னிஷைக் கடக்கும்போது உயிரைப் பணயம் வைக்காமல் சற்று நடந்தாவது சுரங்கப்பாதையில் இறங்கிக் கடக்கவும்.

கெய்ரோவின் ராம்ஸஸ் நிலையத்திலிருந்து வேகமான ரயிலில் இரண்டரை, மூன்று மணி நேரம். முதலில் வரும் சீதி காபர் நிலையத்தில் பாதிக் கூட்டம் இறங்கும், அவர்களோடு இறங்கிவிடாமல் கடைசி நிலையமான மஹத்தத் மஸ்ர் வரை உட்கார்ந்திருங்கள். அங்கிருந்து நபி தானியேல் தெரு வழியாகப் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கடலுக்கே வந்துவிடலாம். திரும்பும்போது விடிகாலை ரயில் என்றால் முந்தின இரவே கணக்கை முடித்துவிட்டு, கீழே பவாபிடமும் சொல்லிவையுங்கள். இரவில் கட்டடத்தின் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு அவர் மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் அறையில் தூங்குவார், சாவி அவர் தலையணைக்குக் கீழேதான் இருக்கும்.