மன அழுத்தமும் அட்ரீனல் சுரப்பியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள கரையோர ஊர்களுக்குப் புதிதாகப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை ஏறத்தாழ அதே வரிசையில் செய்வதைக் கண்ட பிறகே இதை எழுதத் தோன்றியது. நன்றாகத் தூங்குங்கள், தினமும் நடங்கள், காப்பியைக் குறையுங்கள் என்ற அறிவுரைகளைச் சொல்ல எவரும் மறப்பதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். மன அழுத்தம் என்ற ஒரு சொல்லால் அட்ரீனல் சுரப்பியின் உண்மையான நோய்கள் மறைக்கப்படுவதைப் பற்றியே இங்கு பேசப் போகிறேன். மாத்திரை உண்பவரும் அவர் வீட்டாரும் இதை அறிந்திருப்பது மருத்துவர் அறிந்திருப்பதற்குச் சமமான பயன் தரும்.

சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்வது

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் சுமார் 4 முதல் 5 கிராம் எடையுள்ள ஓர் அட்ரீனல் சுரப்பி அமைந்துள்ளது. அதன் உட்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. புறப்பகுதி, உடல் நோயையும் சுமையையும் தாங்க உதவும் கார்ட்டிசாலையும், உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கிறது. பாக் நீரிணையில் வலை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு ரோந்துக் கப்பலின் விளக்கு தெரிந்த நொடியில் நெஞ்சு அடித்துக்கொள்வது அட்ரீனலினால் வருவது. கார்ட்டிசால் சில நிமிடங்கள் கழித்தே உயர்கிறது: மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்ப, அதன் பிறகே அட்ரீனல் சுரப்பி இயங்கத் தொடங்கும். இரத்தத்தில் போதிய கார்ட்டிசால் சேர்ந்ததும், அதுவே மேலுள்ள இரண்டையும் அடக்கிவிடுகிறது.

நாள்பட்ட கவலை இந்த ஒழுங்கைக் குலைக்கும் என்பது உண்மை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில், கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்து நிற்கும் வீடுகளில் தூக்கம் கெடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. கட்டுக்குள் இருந்த சர்க்கரையும் கைமீறுகிறது. ஆனால் இதனால் சுரப்பி வற்றிப்போவதில்லை. 'அட்ரீனல் சோர்வு' என்ற பெயர் 1998இல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது; 2016இல் 58 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்த மருத்துவர்கள், அப்படி ஒரு நோய் இருப்பதற்குச் சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தனர்.

பெயர் தவறாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறார்கள். பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்ணின் களைப்புக்கு இரத்தசோகை காரணமாக இருக்கலாம். தைராய்டு, சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு ஆகியவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம். அவற்றைப் பார்க்காமல், சுரப்பிக்கு வலுவூட்டும் என்று இணையத்தில் விற்கும் பொடிகளை வாங்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். அமெரிக்காவில் விற்கப்பட்ட அத்தகைய துணை உணவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டபோது, அவற்றில் தைராய்டு ஹார்மோனும் பலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருந்தன.

"கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவது

இது மருத்துவம் அன்று.

ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது

இந்த ஒரு பிழையை இன்னும் என்னால் பொறுமையோடு பார்க்க முடிவதில்லை. இது அறியாமையால் மட்டும் நிகழ்வதில்லை. நல்லது செய்கிறோம் என்ற வேகத்தாலும் நிகழ்கிறது.

முழங்கால் வலிக்கும் மூச்சிரைப்புக்கும் இந்தக் கரையில் பலர் மருத்துவரிடம் வருவதற்கு முன் மருந்துக்கடைக்குப் போகிறார்கள். அங்கே பெயரில்லாத பொட்டலத்தில் இரண்டு மூன்று நிற மாத்திரைகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோனாகவோ பிரெட்னிசோலோனாகவோ இருக்கும். இரண்டும் கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்துகள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உருண்டு வரும். ஊரார் உடம்பு தேறிவிட்டது என்பார்கள். டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம் என்பதால், கடுகளவு மாத்திரையைத் தினம் மூன்று வேளை விழுங்குபவர் தம் உடல் தானாகச் சுரக்கும் அளவைவிடக் கூடுதலாகவே ஸ்டீராய்டை எடுத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது பிட்யூட்டரி ஏசிடிஎச் அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும்; தூண்டுதல் இல்லாத சுரப்பியின் புறப்பகுதி சுருங்கும். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் உண்டவர் எவருக்கும் இது நேர்ந்திருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. சுருங்கிய சுரப்பி மீண்டும் எழப் பல மாதங்கள் ஆகலாம்.

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த பாசி எடுக்கும் அம்மா ஒருவரை நினைவிலிருந்து சொல்கிறேன். இரத்தச் சர்க்கரை கூடியிருந்ததையும் முகம் வீங்கியிருந்ததையும் பார்த்த ஓர் இளம் மருத்துவர், பொட்டலத்தில் இருப்பது ஸ்டீராய்டு என்று சரியாகவே கண்டுபிடித்தார். உடனே அதைக் குப்பையில் போடச் சொன்னார். அடுத்த வாரம் காய்ச்சலும் வாந்தியுமாக அந்த அம்மாவைத் தூக்கி வந்தபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. அவருடைய மகன் வேலை செய்த படகு அப்போதுதான் எல்லையில் பிடிபட்டிருந்ததால், இடையில் பார்த்த வேறொருவர் சீட்டில் 'மன அழுத்தத்தால் மயக்கம்' என்று எழுதி, சத்து ஊசி போட்டு அனுப்பியிருந்தார். "வேறென்ன மாத்திரை சாப்பிட்டீங்க அம்மா?" என்று கேட்டதற்கு, "வலி மாத்திரைதான் சார், அதையும் டாக்டர் நிப்பாட்டச் சொல்லிட்டாங்களே" என்றார். அந்த ஒரு பதிலிலேயே நோய் தெரிந்துவிட்டது. ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்து வடிவிலான கார்ட்டிசால்) ஊசியும் சலைனும் ஏறியபின் மாலைக்குள் எழுந்து உட்கார்ந்தார்.

மகன் பிடிபட்ட கவலை அந்த உடலுக்குப் பொய்யான காரணம் அன்று. அது உண்மையான சுமை. நலமான சுரப்பி அத்தகைய நேரத்தில் கார்ட்டிசாலைப் பலமடங்கு கூட்டும்; காய்ச்சலின்போதும் கூட்டும். இவருடைய சுரப்பியால் அது முடியவில்லை. மன அழுத்தம் என்று எழுதியவர் பாதி உண்மையை எழுதிவிட்டு மீதியைத் தேடவில்லை, எனக்கு எரிச்சலூட்டுவது அதுதான்.

ஆகவே, ஸ்டீராய்டைக் கண்டுபிடித்தால் முதலில் எவ்வளவு நாளாக, எந்த அளவில் உண்கிறார் என்று கேட்க வேண்டும். பொட்டலத்தையே கொண்டுவரச் சொல்வது நல்லது. மூட்டில் போட்ட ஊசி, மூச்சுக்குழாய் வழியே இழுக்கும் மருந்து, தோல் களிம்பு ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. பிறகு பெயர் தெரிந்த பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, தினம் 5 மில்லிகிராம் அளவு வரை படிப்படியாக இறக்கி, அதற்குக் கீழே இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டும். முந்தைய நாள் மாத்திரைக்கு 24 மணி நேரம் கழித்துக் காலையில் எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் சுரப்பி மீண்டுவிட்டது எனலாம்; 5க்குக் கீழே இருந்தால் மாத்திரை தொடர வேண்டும். இடையில் காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான் வழி: ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல்.

கடலுக்குச் செல்பவருக்கு இன்னொன்றும் சொல்லி அனுப்ப வேண்டும். நடுக்கடலில் மருத்துவமனை கிடையாது. மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் தம்மோடு வைத்திருப்பதும், தாம் உண்பது நிறுத்தக் கூடாத மருந்து என்று படகு ஓட்டுநரிடம் சொல்லி வைப்பதும், தமிழில் எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பதும் அவசியம்.

வெயில் கறுப்பு என்று ஒதுக்குவது

சுரப்பியே அழியும் நோயை 1855இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தார். நம் நாட்டில் அதற்குக் காசநோய் இன்றும் ஒரு முக்கியக் காரணம். எடை குறையும், எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்பின் மேல் ஆசை வரும், தோல் கறுக்கும். கருவாடும் ஊறுகாயும் அன்றாட உணவாக உள்ள ஊரில் உப்பு ஆசையை எவரும் நோயாகக் கருதுவதில்லை. வெயிலில் உழைப்பவரின் கறுப்பையும் கேள்வி கேட்பதில்லை. வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: உள்ளங்கை ரேகை, ஈறு, கன்னத்தின் உட்புறம், அண்மையில் ஆறிய தழும்பு. மேலே சொன்ன மாத்திரைப் பாதிப்பில் இந்தக் கறுப்பு வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த நேரத்திலும் கார்ட்டிசால் பார்ப்பது

கார்ட்டிசால் விடியலில் உச்சத்தையும் நள்ளிரவில் அடிமட்டத்தையும் தொடுவது. மாலையில் எடுத்த இரத்தத்தில் அளவு குறைந்திருப்பது நோய் ஆகாது. காலை 8 மணிக்கு இரத்தம் எடுக்க வேண்டும் என்ற விதியும் இரவில் தூங்கியவருக்கே பொருந்தும். இரவு முழுவதும் வலை இழுத்துவிட்டு விடிகாலையில் கரையேறியவரிடம் அப்போதே இரத்தம் எடுத்துப் பயனில்லை. அவர் சில இரவுகள் வீட்டில் தூங்கி எழுந்த பிறகு எடுக்கலாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை உண்பவருக்கு அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்குவது

கார்ட்டிசால் குறைந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அதை ஈடுசெய்யும் முன் தைராக்ஸின் கொடுக்காதீர்கள். நோயாளி நிலைகுலைந்து விழுவார்.

படபடப்பை எல்லாம் பயம் என்று எழுதுவது

பெரும்பாலும் பயம்தான். ஆயினும் திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து, அந்த நேரத்தில் இரத்த அழுத்தமும் எகிறினால், சுரப்பியின் உட்பகுதியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அரிய கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்ரீனலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினை அளக்கும் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். முடிவு வரும்வரை படபடப்புக்கென்று, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், அழுத்தம் இன்னும் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.