கர்ப்பகாலத்தில் ஃப்ளூ, கோவிட், ஆர்எஸ்வி தடுப்பூசிகள்: எங்கே தவறு நடக்கிறது?

ஃப்ளூ, கோவிட், ஆர்எஸ்வி மூன்றும் மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ்கள். இவற்றில் ஆர்எஸ்வி கைக்குழந்தைகளின் நுரையீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. மூன்றுக்கும் கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடிய தடுப்பூசி இருக்கிறது. ஆனால் ஃப்ளூ ஊசி தாய், குழந்தை இருவருக்காகவும் போடுவது. ஆர்எஸ்வி ஊசி பிறக்கப்போகும் குழந்தைக்காகவே போடுவது. யாருக்காகப் போடுகிறோம் என்பதை வைத்துத்தான் எந்த வாரத்தில் போடுவது என்பது முடிவாகிறது. இதைக் கவனிக்காமல் எல்லா ஊசிக்கும் ஒரே நாள் கணக்கு வைத்துக்கொள்வதால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடுவது

"முதல் மூன்று மாதம் கழியட்டும்", "பிரசவம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் வயிறு வளர வளர, நுரையீரலுக்குக் கீழே உள்ள தசையான உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது, நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. அந்த நிலையில் ஃப்ளூ வந்தால் நிமோனியா வரை போகும் ஆபத்து மற்றவர்களைவிடக் கர்ப்பிணிக்கு அதிகம். கர்ப்பிணிகளுக்குப் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. எந்த மாதத்திலும் போடலாம். பலன் வர சுமார் 2 வாரம் ஆகும். அதனால் ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய பிறகு ஓடுவதைவிட, பருவம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

போன வருடம் போட்டாயிற்றே என்று விடுவதும் தவறு. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கி வைத்துள்ள எதிர்ப்பொருளும் குறையும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்தப் பருவத்துக்குரிய ஊசி வேண்டும். 6 மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாயிடமிருந்து வருவது மட்டுமே அதற்குக் காப்பு.

மூக்கில் அடிக்கும் ஃப்ளூ ஸ்பிரே வேறு விஷயம். அதில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்பகாலத்தில் கூடாது.

கோவிட் ஊசியில் நாடுகளின் பரிந்துரை ஒன்றுபோல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஒரு டோஸ் என்கிறது. உங்கள் நாட்டு வழிகாட்டுதலையும், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் போன்றவை இருந்தால் அவற்றையும் சேர்த்து மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

ஆர்எஸ்வி ஊசியில் வாரம் தவறுவது

அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். தாயின் ரத்தத்தில் உருவாகும் ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. முதல் மாதங்களில் போவது சொற்பம். 28 வாரத்துக்குப் பிறகு வேகமெடுக்கும். கடைசி சில வாரங்களில்தான் பெரும்பகுதி போய்ச் சேரும். ரொம்ப முன்னதாகப் போட்டால், பரிமாற்றம் உச்சத்துக்கு வரும்போது தாயிடமே அளவு இறங்கத் தொடங்கியிருக்கும். ரொம்பத் தாமதித்தால், எதிர்ப்பொருள் உருவாகிக் குழந்தையை எட்டுவதற்குள் பிரசவம் ஆகிவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனும் 28 வாரத்திலிருந்து போடச் சொல்கின்றன. அமெரிக்காவில் 32 வாரம் முதல் 36 வாரம் 6 நாள் வரை, அதுவும் செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலான பருவத்தில். அமெரிக்கா 32 என்று தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு: 24 முதல் 36 வாரம் வரை போட்டுப் பார்த்த பெரிய ஆய்வில் குறைமாதப் பிரசவம் ஊசி போட்டவர்களில் 5.7 சதவீதம், போடாதவர்களில் 4.7 சதவீதம். புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடு அல்ல. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக அப்படி வைத்தார்கள். அதே ஆய்வில், பிறந்து 90 நாளுக்குள் வரும் கடுமையான ஆர்எஸ்வி நுரையீரல் தொற்று சுமார் 82 சதவீதம் குறைந்தது.

மாதக் கணக்கை நம்ப வேண்டாம். "எட்டாவது மாதம்" என்று ஒருவர் சொன்னால், அவர் எப்படி எண்ணுகிறார் என்பதைப் பொறுத்து அது 29 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம். ஆரம்பகால ஸ்கேனில் எழுதியுள்ள பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி வாரமும் நாளும் எண்ணிப் பாருங்கள். 40 வாரம் அந்தத் தேதி. அதற்குச் சரியாக 8 வாரம் முன்பு 32.

பெயர் மாறிப்போவது

ஆர்எஸ்வி ஊசிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. கர்ப்பிணிகளுக்கு அனுமதி பெற்றது ஃபைசரின் அப்ரிஸ்வோ. ஜிஎஸ்கேயின் அரெக்ஸ்வியும் மாடர்னாவின் எம்ரெஸ்வியாவும் வயது வந்தோருக்கானவை, கர்ப்பிணிகளுக்கு அல்ல. ஜிஎஸ்கே கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு, குறைமாதப் பிரசவங்கள் கூடியதால் 2022இல் நிறுத்தப்பட்டது. இவ்வளவு இருந்தும் கர்ப்பிணிகளுக்குத் தவறுதலாக அரெக்ஸ்வி போட்டது அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. ஊசி போடும் முன் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பெயரைப் படியுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்ரிஸ்வோ பொடியாகவும் அதைக் கரைக்கும் நீராகவும் தனித்தனியே வரும் வடிவங்கள் உண்டு. பொடியைக் கரைக்காமல் வெறும் நீரை மட்டும் செலுத்திவிட்டால் தடுப்பூசியே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். கரைத்த பின் 0.5 மில்லி, மேல்கைத் தசையில். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போன்ற மருந்து எடுப்பவருக்கு மெல்லிய ஊசி எடுத்து, போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

14 நாளை எண்ணாமல் விடுவது

குழந்தைக்கு நேரடியாகப் போடும் ஆர்எஸ்வி எதிர்ப்பொருள் ஊசியும் இருக்கிறது: நிர்செவிமாப், கிளெஸ்ரோவிமாப். தாய் ஊசி போட்டு 14 நாளுக்குள் பிரசவம் ஆகிவிட்டால் போதிய எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போயிருக்காது. அப்போது இந்த ஊசி குழந்தைக்குத் தேவை. 14 நாள் தாண்டியிருந்தால் பொதுவாகக் குழந்தைக்கு இந்த ஊசி தேவைப்படாது. இதை முடிவு செய்யப்போவது குழந்தை மருத்துவர். அவரிடம் தாயின் தடுப்பூசி அட்டை இருக்காது. ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறந்த உடனே காட்டுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் என்ன செய்வது? பிரிட்டன் ஒவ்வொரு கர்ப்பத்திலும் மறுபடி போடச் சொல்கிறது. அமெரிக்கா, முன்பு ஒருமுறை போட்டிருந்தால் திரும்பப் போடாமல் குழந்தைக்கு எதிர்ப்பொருள் ஊசி கொடுக்கச் சொல்கிறது.

பிரசவத்துக்குப் பின்

விட்டுப்போன ஆர்எஸ்வி ஊசியைப் பிரசவத்துக்குப் பிறகு தாய்க்குப் போட்டு ஈடுகட்ட முடியாது. நஞ்சுக்கொடி வழி மூடிவிட்டது. தாய்ப்பாலில் வரும் எதிர்ப்பொருள் நல்லதே, ஆனால் அது பெரும்பாலும் குழந்தையின் ரத்தத்தில் கலப்பதில்லை. ஃப்ளூ ஊசி அப்படியல்ல: பிரசவத்துக்குப் பின் போட்டாலும் தாய் நோயுற்றுக் குழந்தைக்குக் கடத்தும் வாய்ப்பு குறையும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் அப்பா, பாட்டி, தாத்தாவும் போட்டுக்கொள்ளட்டும்.

இந்த ஊசிகளுக்காகத் தாய்ப்பாலை நிறுத்துவது தேவையற்ற தவறு. ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை எதிர்ப்பு இல்லையென்று பரிசோதனையில் தெரிந்திருந்தால், கர்ப்பத்தில் போட முடியாத அந்த ஊசிகளை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி போட்டதற்காக எம்எம்ஆர் ஊசியை (தட்டம்மை, ரூபெல்லாவுக்கானது) தள்ளிப்போடுவதும் நடக்கிறது. அது தேவையில்லை, எம்எம்ஆர் போட்டுவிட்டு, 3 மாதம் கழித்து எதிர்ப்பு உருவாகியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தால் போதும்.

காய்ச்சல் வந்தால்

ஊசி போட்ட கை வலிக்கும், ஓரிரு நாள் அசதியோ லேசான காய்ச்சலோ வரலாம். கர்ப்பகாலக் காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், பாராசிட்டமால் எடுக்கலாம். ஐபுபுரோஃபெனை, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

ஊசி போட்டிருந்தாலும் நோய் வரலாம். திடீர்க் காய்ச்சல், உடல்வலி, இருமல் என்றால், "ஊசிதான் போட்டிருக்கோமே" என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கலாம். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்பதால் பரிசோதனை முடிவுக்காகக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.