குராமா கோயில் கேபிள் ரயில்: ஏற மட்டும் போதும்

கியோட்டோவின் குராமா மலைக்கோயிலுக்கு மேலே போக மட்டும் கேபிள் ரயிலில் ஏறுங்கள். அதே வழியில் திரும்பாமல் மலையைத் தாண்டி மறுபுறம் உள்ள கிபுனே கிராமத்துப் பக்கம் இறங்கிவிடுங்கள். கிபுனேகுச்சி ரயில் நிலையம் குராமாவுக்கு ஒரு நிறுத்தம் முன்னால்தான் இருக்கிறது, நகரத்துக்கு அங்கிருந்தே ரயில் பிடிக்கலாம்.

தண்டவாளம் சுமார் 200 மீட்டர்தான், ஆனால் அதற்குள் 89 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. வளைந்து வளைந்து போகும் நடைபாதையில் மூச்சுவாங்க ஏறும் தூரத்தை 2 நிமிடத்தில் கடந்துவிடலாம். கிபுனேயில் தொடங்கினால் செங்குத்தான ஏற்றம் முழுவதும் காலுக்குத்தான், உதவிக்கு எந்த வண்டியும் கிடையாது.

ஓடுவது ஒரே பெட்டி. பெட்டியை இழுக்கும் கேபிளின் மறுமுனையில் அதைச் சமன்செய்யும் வெறும் எடைக்கட்டிதான், இன்னொரு பெட்டி வராது. ஒன்றைத் தவறவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும், ஆகவே வாசலில் நுழைந்ததும் முதலில் புறப்படும் நேரத்தைப் பாருங்கள். கோயிலே நடத்தும் ரயில் என்பதால் கட்டணம் காணிக்கையாக வாங்கப்படுகிறது. நுழைவுக் கட்டணம் தனி. 100 யென் நாணயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூகி ஆலயத்தைப் பார்க்க விரும்புவோருக்கு இது ஒத்துவராது, அது நடைபாதையில்தான் இருக்கிறது. மழை நாளிலும் வேண்டாம்: கிபுனே இறக்கத்தில் மரவேர்கள் மண்ணுக்கு மேலே பின்னிக் கிடக்கும், ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க: மேல் நிலையத்திலிருந்து பிரதான மண்டபத்துக்கு இன்னும் சுமார் 10 நிமிட நடை, அதில் படிகளும் உண்டு.