பழைய கேபிள் செம்பும் கோட்டுப் பட்டனும்: ஒரு ஜோடி தொங்கட்டான்

கழற்றிப் போட்ட நெட்வொர்க் கேபிளுக்குள் அருமையான செம்புக் கம்பி இருக்கிறது. மேலுறையைக் கீறினால் ஜோடி ஜோடியாக முறுக்கிய எட்டு கம்பிகள். ஒவ்வொன்றும் சுமார் 0.5 மி.மீ. தடிமன். விரலாலேயே வளைக்கலாம், வளைத்தபடி நிற்கும். முதன்முதலாக நகை செய்பவர்களுக்கு ஏற்ற கம்பி இது.

ஆனால் எல்லாக் கேபிளும் ஆகாது. உள்ளே முடி போன்ற பல மெல்லிய இழைகள் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்; ஒற்றைக் கம்பிதான் வேண்டும். பிறகு கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சில முறை வளைத்தாலே எளிதில் முறியும்.

தேவையானவை

20 மி.மீ. அகலக் கோட்டுப் பட்டன் 2 (துளையுள்ளது; பின்பக்கம் காது வைத்த பட்டன் வேண்டாம்), 20 செ.மீ. கம்பி 2, உடைந்த கம்மலிலிருந்து எடுத்த ஸ்டீல் அல்லது வெள்ளிக் கொக்கி 2, நோஸ் பிளேயர், கம்பி வெட்டும் கட்டர், தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில் 1.

கொக்கியையும் இதே கம்பியில் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். காதுக் கொக்கிக்குச் சுமார் 0.8 மி.மீ. தடிமன் வேண்டும், தவிர, செம்பு வியர்வை பட்டுப் பச்சையாகக் கறை விடும். பழைய கொக்கியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்தபின் பயன்படுத்துங்கள்.

கம்பியைத் தயார் செய்தல்

பிளாஸ்டிக் உறையை 5 செ.மீ.க்கு ஒருமுறை லேசாகச் சுற்றிக் கீறி, துண்டு துண்டாக உருவுங்கள். கத்தி செம்பில் பட்டால் அந்த இடத்தில்தான் பின்னால் ஒடியும். உறையை எரித்து நீக்கவே கூடாது: பி.வி.சி. புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலை அரிக்கும்.

செம்பு கறுத்திருந்தால் 100 மி.லி. வினிகரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து ஐந்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசித் துடையுங்கள். பிறகு ஒரு நுனியைக் கதவுக் கைப்பிடியில் சுற்றி, மறுநுனியைப் பிளேயரால் பிடித்து இழுங்கள். சட்டென்று லேசாக நீள்வது கைக்குத் தெரியும், அத்துடன் நிறுத்துங்கள். கோணல் போய்விடும், கம்பிக்குச் சற்று விறைப்பும் வரும்.

கட்டுதல்

கம்பியை நடுவில் மடித்து, இரு நுனிகளையும் முன்பக்கத்திலிருந்து பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் விட்டு, பின்னால் இறுக்கி இழுங்கள். தளர்வாக விட்டால் பட்டன் கடைசிவரை ஆடிக்கொண்டே இருக்கும். சிப்பிப் பட்டன் என்றால் மெதுவாக, வெடித்துவிடும்.

இரண்டு நுனிகளையும் பட்டனின் முதுகோடு ஒட்டி மேலே கொண்டுபோய், விளிம்பைத் தாண்டியதும் மூன்று முறுக்கு போடுங்கள். இதுதான் கழுத்து. ஒரு நுனியை ரீஃபில் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வளையமாக்கி, கழுத்துக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். கொக்கியின் அடி வளையத்தை இப்போதே இதில் கோத்துவிட வேண்டும், பிறகு நுழைக்க வேண்டுமானால் கொக்கியின் வளையத்தைத் திறக்க வேண்டியிருக்கும். மற்ற நுனியைக் கழுத்தில் நெருக்கமாக மூன்று சுற்று சுற்றுங்கள். இரண்டு நுனியையும் 1 மி.மீ. விட்டு வெட்டி, உள்ளே மடித்து அழுத்துங்கள். விரலால் தடவும்போது எங்கும் குத்தக்கூடாது. குத்தினால் எமரி பேப்பரில் இரண்டு தேய்ப்பு.

ஒரே இடத்தை நான்கைந்து முறை வளைத்து நிமிர்த்தாதீர்கள். செம்பு இறுகி ஒடியும். வளைவு தப்பினால் புதுக் கம்பி எடுப்பதே நல்லது.

போட்டுப் பார்க்கும்போது பட்டன் முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டுகிறதா? வளையம் பட்டனுக்குக் குறுக்காக நிற்கிறது. பிளேயரால் கால் திருப்பு திருப்பி, பட்டனின் தளத்துக்கே வளையத்தைக் கொண்டுவாருங்கள். கழுத்து இறுகித் திரும்பவில்லை என்றால், கொக்கியின் அடி வளையத்தைத் திறந்து, அதற்கும் கழுத்து வளையத்துக்கும் நடுவே ஒரு சிறு வளையம் கோத்தாலும் பட்டன் முன்னால் பார்க்கும். ஒற்றைச் சுற்று வளையம் 0.5 மி.மீ. கம்பியில் வாய் திறந்துவிடும், சாவி வளையம்போல இரண்டு சுற்றாகச் செய்யுங்கள்.