ட்ரையல்ல சேர்றீங்களான்னு டாக்டர் கேட்டா, கையெழுத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது

எங்க சித்திக்கு கேன்சர். இருக்கிற மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு, புது மருந்து ஒண்ணு ட்ரையல்ல, அதாவது நோயாளிகளுக்கு குடுத்து சோதிச்சுப் பாக்கற கட்டத்துல இருக்கு, சேர்றீங்களான்னு டாக்டர் கேட்டதும் சித்தப்பா அங்கேயே பேனாவை எடுத்துட்டாரு. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. யோசிக்க நேரம் குடுக்கணும்ங்கிறது விதி, சம்மத ஃபார்மை வீட்டுக்கு வாங்கிட்டு வந்து, தமிழ்லயே கேட்டு வாங்கி, ரெண்டு பேரா உக்காந்து படிங்க.

முதல்ல எந்த ஃபேஸ், அதாவது சோதனையோட எத்தனையாவது கட்டம்னு கேளுங்க. ஃபேஸ் 1னா எவ்வளவு டோஸ் உடம்பு தாங்கும்னு பாக்கறதுதான் முக்கிய வேலை, குணமாகும்னு யாரும் சொல்ல முடியாது. ஃபேஸ் 2ல வேலை செய்யுதான்னு பாப்பாங்க, ஃபேஸ் 3ல பெரும்பாலும் இப்ப இருக்கிற ட்ரீட்மெண்டோட ஒப்பிடுவாங்க, அதுல உங்களுக்கு எது கிடைக்கும்னு கம்ப்யூட்டர்தான் குலுக்கல் மாதிரி முடிவு பண்ணும், டாக்டர் இல்ல. புது மருந்து கண்டிப்பா எனக்குத்தான்னு நினைச்சுட்டுப் போனா மனசு உடைஞ்சுடும்.

அடுத்தது பதிவு நம்பர். இந்தியால 2009 ஜூன்ல இருந்து ட்ரையலை சிடிஆர்ஐங்கிற அரசாங்கப் பதிவேட்டுல பதிவு பண்றது கட்டாயம், அந்த நம்பரை வாங்கி வெப்சைட்ல போட்டா யார் நடத்துறாங்க, எந்தெந்த ஊர்ல, எத்தனை பேர்கிட்டன்னு எல்லாம் வரும். நம்பர் இல்லன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

பணம் கேட்டாலும் அப்படித்தான். இத நான் அடிச்சு சொல்றேன், ஏன்னா நடுவுல ஒரு இடத்துல சித்திக்கு ஸ்டெம் செல் (மத்த செல்லா மாறக்கூடிய மூல செல்) போட்டா சரியாயிடும்னு மூணு லட்சம் கேட்டாங்க, சித்தப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிட்டாரு. ஸ்டெம் செல்ல ஒத்துக்கிட்ட சிகிச்சை முக்கியமா ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு பண்ற எலும்பு மஜ்ஜை மாற்றம் மாதிரிதான், மத்ததுல பெரும்பாலானது இன்னும் ஆராய்ச்சி, ஆராய்ச்சிக்கு பேஷண்ட்கிட்ட காசு வாங்கக் கூடாது.

ஃபார்ம்ல நாமினி பேரு, வருஷ வருமானம்னு கட்டம் இருக்கும். சித்தி அதப் பாத்துட்டு "ஏன்டா, நான் செத்துடுவேன்னு எழுதச் சொல்றாங்களா"ன்னு கேட்டாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அது நமக்கான பாதுகாப்பு, ட்ரையலுக்குன்னு மத்திய அரசு போட்ட 2019 விதிப்படி ட்ரையலால உடம்புக்கு ஏதாவது ஆனா வைத்தியம் இலவசம், நஷ்டஈடும் குடுக்கணும், உயிர் போனா குடும்பத்துக்கு. ட்ரையல் நியாயமா நடக்குதான்னு கண்காணிக்கிற எதிக்ஸ் கமிட்டியோட போன் நம்பரும் ஃபார்ம்ல இருக்கும், போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அப்புறம் யாரும் கேக்காத கேள்வி: மாசத்துக்கு எத்தனை தடவை வரணும், எத்தனை தடவை ரத்தம் எடுப்பீங்க, பஸ் காசு யாரு குடுப்பா, சேரலன்னா வேற என்ன வழி. முடிவு நோயாளியோடது, மகனோடதோ மருமகனோடதோ இல்ல.

சித்தி சேர்ந்தாங்க, விடியக்காலை பஸ்ல திருவண்ணாமலைல இருந்து சென்னைக்கு. மூணாவது மாசம் வாந்தி தாங்க முடியல, போதும்னுட்டாங்க. எப்ப வேணா விலகலாம், காரணம்கூட சொல்ல வேண்டாம், ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்தாம டாக்டருக்கு போன் பண்ணிட்டு நிறுத்துங்க, சித்தி அப்படித்தான் பண்ணாங்க, அதே டாக்டர்கிட்டதான் இப்பவும் வைத்தியம் நடக்குது.